ஓய்வுக்கு முன் இரண்டு கிழமை லீவில் வீட்டுக்கு வாருங்கள்

ஆலோசனை கேட்டு எனக்குக் கடிதம் எழுதியவருக்கு வயது 59. மட்டக்களப்பு ஆரையம்பதியில் பிறந்து கல்லடியில் கலியாணம் செய்தவர். 1991இல் கொழும்பில் கோபோல் மொழியில் நிரல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். 2003இல் ஒரு நிதி நிறுவனத்துக்கு மாறி, இன்று அதன் தரவு நிலையத்துக்குப் பொறுப்பான முகாமையாளராக இருக்கிறார். வரும் மார்ச் கடைசியில் ஓய்வு. மனைவி கல்லடியில் பாடசாலை ஆசிரியை. அவருக்கு இன்னும் நான்கு வருடச் சேவை இருக்கிறது. மூத்த மகள் கனடாவில், இளையவள் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். வீட்டில் மனைவியின் அம்மாவும் இருக்கிறார். இவர் கொழும்பில் அறை எடுத்துத் தங்கி, மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து போயிருக்கிறார். ரயில் ஓடாத சண்டைக் காலத்தில் பஸ்ஸில், சாவடிக்குச் சாவடி இறங்கி ஏறி வந்தவர்.

போவதற்கு முன் தன் அனுபவத்தை இளையவர்களிடம் ஒப்படைக்க ஆசைப்பட்டு, ஒரு சீ.ஆர். கொப்பி நிறையத் தான் படித்த பாடங்களை எழுதினார். பிரிவில் உள்ள எல்லாரையும் கூட்டி, அதை வைத்து ஒரு மணித்தியாலம் பேசினார். பிள்ளைகள் மரியாதையாகத்தான் இருந்தார்கள். ஆனால் பாதிப்பேர் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். முடிவில் ஒரு தம்பி எழும்பி, "சேர், அதெல்லாம் இப்ப கிளவுட் பார்த்துக்கொள்ளும்" என்றார். கிளவுட் என்றால் வேறொரு நிறுவனத்தின் கணினிகளை இணையம் வழியாக வாடகைக்குப் பாவிப்பது. அன்றிரவு இவர் சாப்பிடவில்லை. "நான் படித்தது எல்லாம் காலாவதி என்றால், 34 வருடம் நான் என்னதான் செய்தேன்?" என்று கேட்கிறார்.

இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. மனைவியின் தம்பி நெல் வெட்டும் மெஷின் வாங்க 40 இலட்சம் ரூபா கேட்கிறார். நிறுவனம் இன்னும் ஒரு வருடம் ஒப்பந்தத்தில் இருக்கச் சொல்கிறது. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்து, எச்சரிக்கைச் செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று போனைப் பார்க்கிறார். ஒன்றும் இல்லை என்றாலும் அதற்குப் பிறகு நித்திரை இல்லை. கடைசியில் ஒரு வரி: ஊருக்கு வந்ததும் வீட்டு நிர்வாகத்தைத் தான் எடுக்கப் போகிறாராம். செலவு, மருந்து, மின்சார பில் எல்லாவற்றுக்கும் எக்செல் தாள் தயாராம். மனைவியிடம் இன்னும் காட்டவில்லை. "அவளுக்கு இனிப் பாரம் குறையும்" என்று முடித்திருக்கிறார்.

அன்பின் ஐயா,

காசுக்கும் ஒப்பந்தத்துக்கும் பதில் சொல்வது சுலபம். சட்டமும் கணக்கும் இருக்கின்றன. கனமான கேள்வி நீங்கள் முதலில் கேட்டதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கொப்பியில் இருப்பது

கொப்பியிலிருந்து சில பக்கங்களைப் பிரதி எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அவற்றில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன. ஒரு வகை கட்டளைகள், இயந்திரங்களின் பெயர்கள், எந்தப் பதிப்பில் என்ன கோளாறு வரும் என்ற குறிப்புகள். அவற்றின் காலம் முடிந்துவிட்டது. அந்தத் தம்பி சொன்னது அந்தப் பக்கங்களைப் பற்றியதானால் அவர் சொன்னது சரி. அந்தப் பக்கங்களை விட்டுவிடுங்கள்.

மற்ற வகையைப் பாருங்கள். "காப்புப் பிரதி அதே கட்டடத்தில் இருக்கக்கூடாது." "மீட்டுப் பார்க்காத காப்புப் பிரதியை நம்பாதே." "வெள்ளிக்கிழமை பின்னேரம் எதையும் மாற்றாதே." "பிழை விட்டால் உடனே வாயைத் திற. மறைக்கிற ஒவ்வொரு நிமிடமும் பிழை பெருக்கும்." "பாவிக்கிறவரின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்று பார், பிறகு நிரல் எழுது." இவற்றில் எது காலாவதியானது? ஒன்றுகூட இல்லை.

இதில் முதல் பாடத்துக்குக் கீழே மூன்றே வரியில் நீங்கள் எழுதிப் போன ஒரு சம்பவத்தை நான் விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதன் கனம் உங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒவ்வொரு கிளையும் அன்றன்றைய கணக்கைக் காந்தநாடாவில் எடுத்து வெளியே அனுப்ப வேண்டும் என்று 2004இல் நீங்கள் ஒரு விதி கொண்டுவந்தீர்கள். வீண் வேலை என்று முணுமுணுத்தார்கள். அந்த வருடம் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அதற்கு முதல்நாள் நத்தார். கடைசி வேலைநாள் 24ஆம் திகதி வெள்ளிக்கிழமை. எல்லாரும் வீட்டுக்கு ஓடுகிற அந்தப் பின்னேரத்திலும், நம் கரையோரக் கிளையில் ஓர் ஊழியர் விதிப்படி நாடாவை உறையில் போட்டுக் கொழும்புக்குப் போகிற வான் வண்டியில் ஏற்றிவிட்டார். ஞாயிறு காலை கடல் வந்தது. கிளையில் இருந்த கணினிகள், பேரேடுகள், கோப்புகள் எல்லாம் உப்புத்தண்ணீரில். ஜனவரியில் வீடும் வங்கிப் புத்தகமும் அடையாள அட்டையும் இழந்த சனம் வரிசையில் வந்து நின்றபோது, ஒவ்வொருவர் கணக்கிலும் எவ்வளவு இருந்தது என்று சொல்ல உங்களால் முடிந்தது.

கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் நின்ற ஆட்களுக்கு அவர்களுடைய காசு திரும்பக் கிடைத்தது. 34 வருடம் என்ன செய்தேன் என்று கேட்டீர்களே, இதைச் செய்தீர்கள். உங்கள் பெயர் அந்த வரிசையில் நின்ற எவருக்கும் தெரியாது. அதனால் நடந்தது நடக்காததாகிவிடாது.

கிளவுட் பார்த்துக்கொள்ளுமா? பலதைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் கிளவுடும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கிற இயந்திரம்தானே. 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஒரு தரவு நிலையம் தீப்பற்றி எரிந்தபோது, வேறிடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் தங்கள் தரவை ஒரேயடியாக இழந்தார்கள். அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் மீது, தரவைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் போனது போனதுதான். அந்தக் காலப்பகுதிக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இல்லை. உங்கள் கொப்பியின் முதல் வரியை யாராவது கேட்டிருந்தால் இது நடந்திருக்காது. கோபோலைப் பற்றியும் கவலைப்படாதீர்கள். 1959இல் பிறந்த மொழி அது. 2020இல் கொரோனா வந்து வேலையிழந்தோர் கொடுப்பனவுக்கு விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகவே கேட்டார்.

உங்கள் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. நன்றாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. 1998, 99இல் இரவு பகலாக இருந்து, வருடத்தை இரண்டு இலக்கத்தில் எழுதியிருந்த நிரல்கள் 2000ஐ 1900 என்று எடுத்துவிடும் என்பதால், அவற்றை எல்லாம் தேடித் திருத்தினீர்கள். 2000 ஜனவரி 1 அமைதியாக விடிந்தது. உடனே சனம் என்ன சொன்னது? "சும்மா பயம் காட்டினாங்கள்." உங்கள் மனைவி கல்லடிச் சந்திக்குப் போனால் பத்துப் பேர் "ரீச்சர்" என்று நின்று கதைக்கிறார்கள். உங்களுக்கு அப்படி நின்று கதைக்க ஒருவரும் இல்லை. விழாமல் நின்ற கணக்குகளுக்கும் நிற்காமல் ஓடிய கணினி முறைமைகளுக்கும் வாய் கிடையாது. ஓய்வு நேரத்தில் உங்களுக்கு வந்திருக்கிற வெறுமையின் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். இதற்கு உங்கள் அறிவு பழசாகிப் போனது காரணம் என்று நீங்கள் பிடித்துக்கொண்டது சரியில்லை.

அப்படியென்றால் பிள்ளைகள் ஏன் கேட்கவில்லை? நீங்கள் விதிகளைச் சொன்னீர்கள்; அந்த விதி பிறந்த இரவைச் சொல்லவில்லை. அதோடு, பிரச்சினையில் இல்லாத ஆளுக்குப் பாடம் ஏறாது. நீங்களும் 25 வயதில் ஒரு மூத்தவர் ஒரு மணித்தியாலம் பேசியதைக் கேட்டுப் படித்திருக்க மாட்டீர்கள். முறைமை விழுந்த இரவில் பக்கத்தில் நின்று படித்திருப்பீர்கள். கொப்பியை மாற்றி எழுதுங்கள். ஒரு பாடத்துக்கு ஒரு சம்பவம்: என்ன நடந்தது, முதலில் எதை நினைத்தோம், உண்மையில் எது காரணம், பிறகு எதை மாற்றினோம். இருபது சம்பவம் போதும். அதைப் பிரிவின் பொதுக் கோப்பில் வைத்துவிட்டு, மிச்சமிருக்கிற மாதங்களில் ஏதாவது உடையும்போது நீங்கள் கையை வைக்காமல், அந்தத் தம்பியைத் திருத்தவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு எச்சரிக்கை. கொப்பியில் கடவுச்சொற்கள், வாடிக்கையாளர் விபரங்கள், வலையமைப்பு வரைபடங்கள் இருந்தால் அவற்றை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அவை நிறுவனத்தின் சொத்து. நல்ல மனதோடு கொண்டுவந்தாலும், நாளை ஏதாவது கசிந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். எதை வைத்திருக்கலாம் என்று எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிறகு ஊரில் படிப்பிக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். தாராளமாக. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்ததிலிருந்து நம் மாவட்டத்திலும் எத்தனையோ பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாடப்புத்தகம் அவர்களுக்குக் கிடைக்கும். உண்மையான ஒரு தரவு நிலையத்தில் இரவு வேலை செய்த ஆளைப் பக்கத்தில் இருந்து கேள்வி கேட்கக் கிடைப்பது கடினம். ஆனால் வந்த கையோடு பெயர்ப்பலகை போட்டு வகுப்புத் தொடங்காதீர்கள். தெரிந்த ஓர் ஆசிரியரிடம் போய், "ஒரு தவணைக்கு, கிழமையில் ஒரு பின்னேரம், பிள்ளைகளின் செயற்றிட்டங்களுக்கு உதவி செய்யலாமா?" என்று கேளுங்கள். அங்கேயும் முதலில் பக்கத்தில் இருங்கள்.

கையில் வரப்போகும் காசு

முதலில் ஒரு பிழையான எண்ணத்தைத் திருத்துகிறேன். "நாங்கள் இருவரும் சம்பாதித்தவர்கள், வசதியாகத்தான் இருப்போம்" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி அரச ஆசிரியை. அவருக்கு ஓய்வூதியம் மாதாமாதம் வரும். தனியார் துறையில் இருந்த உங்களுக்கு அப்படி ஒன்றும் வராது. ஊழியர் சேமலாப நிதியில் நீங்கள் கட்டிய நூற்றுக்கு 8, முதலாளி கட்டிய 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியில் அவர் கட்டிய 3, அதோடு பணிக்கொடை. எல்லாம் ஒரே தடவையில் வரும். சொந்தக்காரர் கண்ணுக்கு அது அதிர்ஷ்டலாபம் போலத் தெரியும். உங்களுக்கோ அதுதான் இனிமேல் உள்ள அத்தனை மாதத்துக்கும் சம்பளம்.

பணிக்கொடையைச் சரியாகக் கணக்குப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாகப் பெற்ற சம்பளத்தின்படி. இந்த நிறுவனத்தில் 22 முழு வருடம் என்றால் 11 மாதச் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் தர வேண்டும். தாமதித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சேமலாப நிதிக் கணக்கில் உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், பழைய நிறுவனத்தின் அங்கத்துவ இலக்கம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். 1991 முதல் 2003 வரை கட்டிய பகுதி வேறு இலக்கத்தில் கிடக்கும்.

மச்சானின் மெஷினுக்கு வருவோம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். ஆனால் படுவான்கரை வயல்களில் வெட்டு நடப்பது பெரும்போகத்தில் சில கிழமை, சிறுபோகத்தில் சில கிழமை. வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. உதிரிப்பாகம், ஓட்டுநர், டீசல், கடனுக்கு வெட்டிவிட்டு மாதக்கணக்காகக் காசு தராத வயல்காரர், எல்லாம் சேர்ந்த தொழில் அது. நன்றாக நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத் தெரியாத நீங்கள் உங்கள் ஓய்வுக்கால காசைப் போட்டு நடத்துகிற தொழிலாக அது எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, நீங்கள் கடிதத்தில் தொடாதது. இருக்கிற வீடு உங்கள் மனைவியின் சீதன வீடு. நம் ஊர் வழக்கப்படி அது இளைய மகளுக்குப் போகும் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அப்படியென்றால் அதே வளவில் உங்கள் இருவருக்கும் ஒரு சின்ன வீடு எடுக்கிற செலவு முன்னால் நிற்கிறது. இதை மனைவியோடும் மகளோடும் வெளிப்படையாகக் கதைத்து முடிக்காமல் மச்சானுக்கு ஒரு ரூபாகூட வாக்குக் கொடுக்காதீர்கள்.

"இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாது என்கிறீர்கள். சரி, ஒரு விதியாகச் சொல்லுங்கள்: "ஓய்வு பெற்று ஒரு வருடத்துக்கு முதல் காசைத் தொடுவதில்லை என்று நானும் அக்காவும் முடிவெடுத்திருக்கிறோம்." அக்காவும் சேர்ந்து எடுத்த முடிவு என்றால் கதை அங்கே நிற்கும். வருடம் கழித்தும் கொடுக்க மனமிருந்தால், திரும்பி வராவிட்டாலும் சோறு குறையாத அளவு கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள்.

மிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். மத்திய வங்கியின் உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும், வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரைதான். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோது நிலையான வைப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டை நீங்கள் கண்டவர். அதோடு, "கம்பியூட்டர் தெரிந்த ஐயா" என்று உங்கள் பெயரை முன்னால் போட்டு ஆள் சேர்க்கப் பார்க்கிற ஆன்லைன் முதலீட்டுக் கூட்டங்கள் கட்டாயம் உங்களைத் தேடி வரும். பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டப்படி குற்றம். அவற்றுக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதும் குற்றம்தான்.

ஒப்பந்தம்

60க்குப் பிறகு வேலை செய்வதே சட்டப்படி பிழை என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்வது ஆகக்குறைந்த ஓய்வு வயதை; அந்த வயதுக்கு முன் ஓய்வு கொடுக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். இருவரும் விரும்பினால் தொடரலாம்.

தொடர்வதானால் முழு வருடம் வேண்டாம், முழு நேரமும் வேண்டாம். மூன்று மாதம், கிழமையில் இரண்டு நாள், அதையும் கல்லடியில் இருந்தபடி. முடிவுத் திகதி, நேரம், இரவு அழைப்பு இல்லை என்ற வரி எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். ஊழியராக எடுக்கிறார்களா, வெளி ஆலோசகராக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். முதலாவது என்றால் சேமலாப நிதிப் பங்களிப்பு தொடரும். எழுத்தில் தர மறுத்து, "எப்பவாவது ஒரு கோல் எடுப்போம் சேர்" என்றால், அன்போடு மறுத்துவிடுங்கள். அந்த "எப்பவாவது" சம்பளமில்லாமல் வருடக்கணக்கில் நீளும்.

மூன்று மணி

20 வருடத்துக்கு மேல் எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்று படுத்த உடம்பு அது. மார்ச் 31ஆம் திகதி பதவி முடிந்தது என்று கடிதம் கொடுத்தால் உடம்புக்குத் தெரியாது. இரவு அழைப்புப் பொறுப்பை இந்த மாதமே இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். போனைப் படுக்கிற அறைக்கு வெளியே வையுங்கள். நேரம் பார்க்க ஒரு சின்ன மணிக்கூடு வாங்கலாம். விழிப்பு வந்தால் படுத்தபடி போராடாமல் எழும்பி, மங்கிய வெளிச்சத்தில் இருந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பப் படுங்கள்.

இந்த வயதில் இரவு விழிப்புக்குச் சீனி வருத்தமும், ஆண்களுக்கு வருகிற சிறுநீர்ப் பிரச்சினையும் காரணமாக இருக்கலாம். ஒரு வைத்தியரிடம் காட்டி இரத்தம் பரிசோதியுங்கள். எழுதியதில் ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: "இனி நான் எதற்கு என்று சில நேரம் தோன்றும்." இந்த எண்ணம் இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் வந்தால், சாப்பாட்டில் விருப்பம் போனால், உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று ஒரு கணமாவது தோன்றினால், காத்திருக்காமல் மனநல வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். இது சோம்பலோ பலவீனமோ இல்லை; மருந்தும் பேச்சும் கேட்கிற வருத்தம்.

வீடு

கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்த எக்செல் தாள்தான்.

ஓய்வு பெற்ற ஆண்களின் மனைவிமார் என்னிடம் வந்து சொல்கிற முறைப்பாடு அநேகமாக ஒன்றுதான்: "அவர் வீட்டுக்கு வந்தது சந்தோஷம், ஆனா இப்ப வீடு என்ட வீடா இல்ல." உங்கள் மனைவி வேலைக்கும் போய்க்கொண்டு அந்த வீட்டைத் தனியாக நடத்தியவர். பிள்ளைகளின் காய்ச்சல், சோதனை, கோயில், சீட்டு, அம்மாவின் வருத்தம் எல்லாம் அவர் கையால் நடந்தது. சுனாமி அன்று வருடக் கடைசி வேலைக்காக நீங்கள் கொழும்பில் நின்றுவிட்டீர்கள். இரண்டு வயது மகளை இடுப்பில் வைத்து, மூத்தவளைக் கையில் பிடித்து, அம்மாவையும் இழுத்துக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓடியவர் அவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டுக்குப் பாரம் குறைக்கிற முறைமை ஏற்கெனவே இருக்கிறது. அதை அவர் கட்டி எழுப்பியிருக்கிறார். கேட்காமல் அதை மாற்றப் போனால், அவர் செய்தது போதாது என்று சொன்னதாகத்தான் அவருக்குக் கேட்கும்.

உங்கள் கொப்பியில் இன்னொரு பாடம் இருந்தது: "பழைய முறைமையை ஒரே இரவில் நிறுத்தாதே. புதியதையும் பழையதையும் சில காலம் சேர்த்து ஓட்டி, கணக்கு ஒத்துப்போகிறதா என்று பார்." வங்கிக் கணக்குகளுக்கு இதைச் செய்தவர், உங்கள் சொந்த வாழ்க்கைக்கு மட்டும் மார்ச் 31 இரவு ரயிலேறி ஏப்ரல் 1 காலை எல்லாம் மாறிவிடும் என்று திட்டம் போட்டிருக்கிறீர்கள்.

அதனால் நான் கேட்பது இது. இருக்கிற லீவில் இரண்டு கிழமையை இப்போதே எடுத்து ஊருக்கு வாருங்கள். பாடசாலை விடுமுறையில் வேண்டாம், திருவிழாக் காலத்திலும் வேண்டாம். சாதாரண திங்கள், செவ்வாய், புதன். நீங்கள் அறிந்ததெல்லாம் உங்களுக்காகத் திரளி மீன் வாங்கிச் சமைக்கிற சனி ஞாயிறு வீடு. காலை ஆறரைக்கு மனைவி பாடசாலைக்கு வெளிக்கிட்ட பிறகு, பத்து மணிக்கு அந்த வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இன்னும் நான்கு வருடத்துக்கு அந்தப் பத்து மணி உங்களுடையது. வீட்டில் மாமியும் நீங்களும் மட்டும்.

அந்த இரண்டு கிழமையில் எதையும் திருத்த வேண்டாம். தாளைத் திறக்கவே வேண்டாம். பாவிக்கிறவரின் கதிரைக்குப் பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னவர் நீங்கள், அதையே செய்யுங்கள். கடைசி நாளில் மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் எந்த வேலையை என்னிடம் தந்தால் உனக்கு உண்மையாகவே லேசாக இருக்கும்?" அவர் சொல்கிறதை மட்டும் எடுங்கள். ஒன்றும் இல்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிறகு அவராகச் சொல்வார்.

ஒன்றை நான் ஊகிக்கிறேன். மாமிக்குச் சீனியும் பிரஷரும் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதாமாதம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அவரைக் கூட்டிப் போக உங்கள் மனைவி பாடசாலையில் லீவு போடுகிறாராம். விடியவே போய்க் கிளினிக் கொப்பியைக் கொடுத்து, இலக்கம் எடுத்து, வாங்கில் காத்திருந்து, மருந்துக்கு இன்னொரு வரிசையில் நின்று திரும்பும்போது மத்தியானம் ஆகிவிடும். மருமகன் மாமியோடு வரிசையில் நிற்பதை ஊர் புதினமாகப் பார்க்கலாம். இரண்டாம் தடவை பார்க்காது.

இந்தக் கிழமையே லீவு விண்ணப்பத்தைக் கொடுங்கள். கொடுக்கும் முன் மனைவிக்கு எடுத்து, மாமியின் அடுத்த கிளினிக் எந்தத் திகதி என்று கேட்டு, அந்த நாளும் லீவுக்குள் வருகிற மாதிரிப் பாருங்கள். அந்த இரண்டு கிழமையும் அலுவலக அழைப்புகள் எல்லாம், "கிளவுட் பார்த்துக்கொள்ளும்" என்று சொன்ன அந்தத் தம்பியின் போனுக்கே போகட்டும். லீவு முடிந்து கொழும்புக்குப் போனதும், இரு பக்கமும் கணக்கு எப்படி ஒத்துப்போனது என்று எனக்கு எழுதுங்கள். ஒப்பந்தத்தைப் பற்றி அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.